ஜூன் ஒண்ணாம் தேதி பிறந்தவங்க

கை நடுங்குறதைப் பாத்துட்டுத்தான கேக்குறீங்க? சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல தங்கச்சி. பயம். வெறும் பயம். நாப்பத்து நாலு வருஷமா இருக்குற பயம். இன்னைக்கோட ஒழிஞ்சிரும்னு நெனச்சுத்தான் காலையில பஸ் ஏறினேன். ஒழியல. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. நல்லாருப்பீங்க.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க, நீங்க கவர்மென்ட் வேலையா? ஆடிட்டு, விஜிலன்ஸ், அந்த மாதிரி எதுவும்? துணிக்கடையா, சரி, சரி. முன்சீட்டுக்காரர் தூங்குறார்ல? காதுல ஒயரை மாட்டியிருக்கார், அப்ப பரவாயில்ல. கோவில்பட்டி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்கு நெஞ்சு அடைச்சிரும் போல இருக்கு.

எங்க அம்மா அன்னக்கனி டீச்சர். போன மாசம் இறந்துட்டாங்க, எண்பத்தாறு வயசு. இப்ப நாம ஏறினோமே கீழச்செவல்குளம், அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துல இருபத்தேழு வருஷம் இருந்தாங்க. இன்னைக்கு அங்க அம்மாவுக்குப் படத்திறப்பு. பழைய பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து நோட்டீஸ் அடிச்சு, சாமியானா போட்டு, மைக் செட் கட்டி... ஆமா, நீங்க பாத்தீங்களே, அந்தக் கூட்டந்தான். மகள் நான் ஏற்புரை சொல்லணும். நானும் சொன்னேன். எங்க அம்மா ரொம்ப எளிமையானவங்கன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.

எளிமையா? தங்கச்சி, எங்க அம்மா மாதிரி துணிச்சல்காரி இந்த ஜில்லாவுலயே கிடையாது. அந்தத் துணிச்சல்தான் என் தலையில விடிஞ்சது.

அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல எப்படிச் சேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. பிறந்த சர்டிபிகேட்டா, ஒண்ணா? வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொல்லுவாங்க. தொட்டா அஞ்சு வயசு. தேதி ஜூன் ஒண்ணு. எங்க ஊர்ல பாதிப்பேரு ஜூன் ஒண்ணாம் தேதி பிறந்தவங்கதான். ஆனா பொம்பளப்பிள்ளைங்களை யாரு அஞ்சு வயசுல கூட்டிட்டு வந்தா? தம்பியைத் தூக்கி, தங்கச்சியைத் தூக்கி, ஏழு வயசு ஆனப்புறந்தான் கொண்டாந்து விடுவாங்க. காதைத் தொடுறது என்ன, தோளையே தொட்டிரும் அதுங்க. அம்மா ஒண்ணும் பேச மாட்டாங்க. பேனாவை எடுத்து, அஞ்சு முடிஞ்சதுன்னு எழுதுவாங்க. பையன்களுக்கு உள்ளபடி. பிள்ளைகளுக்கு ரெண்டு வயசு கம்மி. ஒண்ணு ரெண்டு பேருக்கு இல்ல, சேர வந்த பெரிய பிள்ளைங்க எல்லாருக்கும்.

எதுக்குன்னு கேக்குறீங்களா? பெரிய பிள்ளையானதும் கட்டிக் கொடுத்திருவான்ல. முதல்ல பதினஞ்சு, பிறகு பதினெட்டு, அதுக்கு முன்னால கட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, சட்டத்தை யாரு மதிச்சா. பள்ளிக்கூடப் பதிவேட்டுல ரெண்டு வயசு குறைச்சு வச்சா, ஒருத்தனாவது பயந்து ரெண்டு வருஷம் தள்ளிப் போடுவான். அந்த ரெண்டு வருஷத்துல பிள்ளை எட்டாவது முடிச்சிரும். இதுதான் அம்மா கணக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல. நானே பதினேழு வயசுலதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

சரி, ஊரான் வீட்டுப் பிள்ளைக்குச் செஞ்சாங்க, புண்ணியம். எனக்கும் செஞ்சாங்க தங்கச்சி! பெத்த பிள்ளைக்கு! அம்மாவுக்கு முதல்ல தூரத்து ஊர்ல வேலை, நான் எங்க அத்தை வீட்டுல வளந்தேன். ஏழு வயசுலதான் அம்மா என்னைக் கூட்டிட்டு வந்து சேத்தாங்க. எனக்கும் அஞ்சுன்னு எழுதிட்டாங்க. “ஏம்மா எனக்கும் எழுதுனீங்க?”ன்னு கேட்டேன். “ஊரான் பிள்ளைக்குப் பொய் எழுதுற கை எம் பிள்ளைக்கும் எழுதணும் மணி. மாட்டுனா நாமளும் சேர்ந்து மாட்டணும். அதுதான் நியாயம்”னாங்க. இது என்ன நியாயம்? நீங்களே சொல்லுங்க. நான் கேட்டனா?

நான் எங்க வேலை பாக்குறேன்னு சொல்லலையே. நகராட்சி ஆபீஸ். பிறப்பு இறப்புப் பிரிவு. சிரிக்காதீங்க. பிறந்த தேதியில ஒரு நாள் வித்தியாசம் இருந்தாலும் மனுவைத் திருப்பிக் கொடுத்துருவேன். கனகமணி மேடம்னா கறார்னு பேரு. அழுதாலும் விடமாட்டேன். ரூல்ஸ்னா ரூல்ஸ். வர்ற மே முப்பத்தொண்ணு எனக்கு ரிட்டயர்மென்ட். பதிவேட்டுப்படி அறுபது. நெசப்படி பாத்தா ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே வீட்டுக்குப் போயிருக்கணும். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க?

இப்ப சிவனாண்டி கதைக்கு வாரேன். அவர்தான் என் பயத்துக்கு ஆணிவேர்.

ஆடு மேய்க்குறவர். தோள்ல எப்பவும் ஒரு தொரட்டிக் கம்பு, ஆட்டுக்குக் குழைதழை அறுக்க நுனியில அரிவாள் கட்டுன நீளக் கம்பு. அவர் மக பேச்சியும் நானும் ஒரே நாள்ல பள்ளிக்கூடத்துல சேர்ந்தோம். பதிவேட்டுல அடுத்தடுத்த வரி. அதே ஜூன் ஒண்ணு, அதே வருஷம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. அவ தேதி பொய்னு ஆனா, என் தேதியும் பொய்.

பேச்சிக்குப் பதினெட்டு முடிஞ்ச வருஷம், நெசமான பதினெட்டு, ஒரு மாப்பிள்ளை வந்தான். பக்கத்து ஊர்க்காரன், ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி அடிச்சு விரட்டுனவன். அண்ணன் தம்பி அஞ்சு பேரு, எவனும் எதிர்த்துப் பேசமுடியாது. சிவனாண்டி வாக்குக் கொடுத்துட்டார். பேச்சி விடியக்காலையில எங்க வீட்டுக்கு ஓடி வந்து அம்மா காலைக் கட்டிக்கிட்டு அழுதா. “டீச்சர், நான் செத்துருவேன்”னா. அம்மா அவளுக்குத் தலை சீவிவிட்டு, காப்பி கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிட்டு, பள்ளிக்கூடப் பதிவேட்டைச் சேலைத் தலைப்புல சுத்திக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்க. பிள்ளைக்குப் பதினாறுதான் ஆகுது, இந்தா எழுத்துன்னு வச்சாங்க. கல்யாணம் நின்னுச்சு.

நின்னா விடுவானுங்களா? டீச்சர் வயசைத் திருத்தி எழுதிட்டான்னு மாப்பிள்ளை வீட்டுல மனு எழுதிப் போட்டாங்க. இன்ஸ்பெக்டர் வந்து விசாரிப்பார், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், போலீஸ் இல்ல. விசாரணைக்கு ஒன்றரை மாசம் இருந்துச்சு. அந்த ஒன்றரை மாசம் நான் சாப்பிட்ட சோறு உடம்புல ஒட்டல தங்கச்சி.

ஏன்னா மனுப் போட்ட மறுநாள் சாயங்காலத்துல இருந்து சிவனாண்டி எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புல வந்து உக்கார ஆரம்பிச்சுட்டார். ஒரு வாகை மரம் இருக்கும், அதுக்குக் கீழ. ஆடு எல்லாம் சுத்திப் படுத்துக்கிடும். நடுவுல அவர், மடியில தொரட்டி. ஒரு வார்த்தை பேச மாட்டார். எங்க வாசலையே பாத்துக்கிட்டு இருப்பார். வாக்குத் தவற வச்சவ வீடுல்ல இது! நான் உள்ள இருந்து கதவிடுக்குல பாப்பேன். எப்ப எந்திரிப்பாரோ, எப்ப அந்த அரிவாளைக் கழட்டுவாரோன்னு உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருப்பேன். அப்பா வேற மெட்ராஸ்ல வேலையா இருந்தார்.

காலையில அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனா பத்தடி தள்ளி பின்னாலயே வருவார். நான் ஹைஸ்கூலுக்குப் பஸ் ஏறுற வரைக்கும் ஸ்டாப்புல நிப்பார். வேவு பாக்குறது! எந்த நேரம் எங்க போறோம்னு கணக்கெடுக்குறது! எங்க அம்மா என்ன செய்வாங்க தெரியுமா? சாயங்காலம் ஒரு சொம்புல டீயைப் போட்டு என் கையில குடுத்து, “பெரியவருக்குக் குடுத்துட்டு வா”ம்பாங்க. பாம்புக்குப் பால் வார்க்குற கதைதான? பாதி டீ தரையில கொட்டிரும். அவர் சொம்பை வாங்குவார், தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

“அம்மா, அவர் நம்மளை வெட்டப் போறாரும்மா”ன்னா, “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய்ப் படி”ம்பாங்க.

ஒரு நாள் பொழுது சாயுற நேரம், மாப்பிள்ளையோட தம்பி ரெண்டு பேரு புல்லட்டுல வந்தானுங்க. சிவனாண்டி எந்திரிச்சார். சரிதான், ஆளைக் கூப்பிட்டுட்டார், இன்னைக்கு முடிஞ்சதுன்னு நெனச்சேன். அவர் நேரா ரோட்டுக்குப் போயி, வாயில ஒரு சத்தம் கொடுத்தார். அம்புட்டு ஆடும் எந்திரிச்சு ரோட்டை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. புல்லட்டு போக வழியில்ல. என்னமோ பேசிக்கிட்டாங்க. தொரட்டியைத் தரையில ஊனி, இவர் அசையவே இல்ல. கொஞ்ச நேரத்துல அவனுங்க வண்டியைத் திருப்பிட்டுப் போயிட்டானுங்க. அவங்களுக்குள்ள ஏதோ பேச்சு ஒத்து வரலபோல. தெய்வாதீனம். அப்படித்தான் நெனச்சேன்.

விசாரணை வந்துச்சு. பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளிய நான் நிக்கேன். உள்ள இன்ஸ்பெக்டர், அம்மா, சிவனாண்டி. ஊர்க் கண்மாய் உடைஞ்ச வருஷம் பிறந்தவ பேச்சி. எல்லாருக்கும் தெரியும். சிவனாண்டி அதை ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ணிருவார். அம்மாவுக்கு வேலை போகும், ஜெயிலுக்குக்கூடப் போகணும். “ஏம்ப்பா, உன் மக எந்த வருஷம் பிறந்தா?”ன்னு கேட்டார். சிவனாண்டி துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நிக்குறார். “எனக்கு எழுத்துத் தெரியாது சாமி. ஆடு ஈனுன கணக்குக் கேளுங்க, சொல்லுறேன். டீச்சர் என்னைக்குன்னு எழுதியிருக்காங்களோ, அன்னைக்குத்தான் என் மக பிறந்தா”ன்னார்.

கேஸ் முடிஞ்சுபோச்சு. அம்மா வெளிய வந்து, என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. ஒரு மனுசன் அவ்வளவு பெரிய பொய்யைச் சும்மா சொல்லுவானா? ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் இருந்திருக்கேன், சும்மா எவனும் ஒரு கையெழுத்துப் போட மாட்டான். அன்னைக்குச் சொல்லாம வச்சிருக்கார்னா, பெருசா எதுக்கோ வச்சிருக்கார்னுதான அர்த்தம்? என்னைக்காவது வந்து கேப்பார், கேப்பார்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

ஒரு தடவை வந்தார் தங்கச்சி. எங்க ஆபீசுக்கே. அவர் சம்சாரம் டவுன் ஆஸ்பத்திரியில இறந்துட்டாங்க, சர்டிபிகேட் வாங்க. கவுன்டர்ல அந்தத் துண்டைப் பாத்ததும் நான் ரெக்கார்டு ரூமுக்குள்ள ஓடிப் போயி அலமாரிக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். பக்கத்து சீட்டுப் பொண்ணுதான் எழுதிக் கொடுத்தா. போகும்போது, “டீச்சர் மகளுக்குக் குடுங்க”ன்னு ஒரு மஞ்சப்பையில ரெண்டு படி கம்பு கொடுத்துட்டுப் போயிருக்கார். நூல் விட்டுப் பாக்குறார்! நான் அதை வீட்டுக்குக் கொண்டு போகல, வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டேன்.

அம்மா கடைசிப் பன்னெண்டு வருஷம் என்கூடத்தான் இருந்தாங்க. ராணி மாதிரி வச்சுப் பாத்தேன், யாரை வேணாக் கேளுங்க. ஒரு தொந்தரவு விட மாட்டேன். பழைய பிள்ளைங்க பாக்க வரும்ங்க, பஸ் பிடிச்சு, பேரப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு. டீச்சர் தூங்குறாங்கன்னு வாசல்லயே சொல்லி அனுப்பிருவேன். வந்து உக்காந்தா பழசைப் பேசும்ங்க. பழசைப் பேசுனா வயசு வரும். அம்மா கட்டில்ல இருந்து, “யாரு மணி, நம்ம ஊர்க் குரல் மாதிரி இருக்கு?”ம்பாங்க. “சேல்ஸ் ஆளும்மா”ம்பேன்.

ஆஸ்பத்திரியில கடைசியா, கண்ணைத் திறந்து, “மணி, உனக்கு இன்னும் பயமா இருக்கா?”ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். நம்பல. என் கையைப் பிடிச்சிருந்தாங்கல்ல, நடுக்கம் தெரிஞ்சிருக்கும்.

அப்புறந்தான் இந்த நோட்டீஸ் வந்துச்சு. நினைவுரை, பேச்சியம்மாள். அந்தப் பேரைப் பாத்ததும் நோட்டீஸை நாலா மடிச்சு ஒளிச்சு வச்சுட்டேன். அவ டெய்லர் கடை வச்சிருக்கா, அவளுக்கு என்ன பயம்? மைக்கைப் பிடிச்சு, டீச்சர் எங்க எல்லாருக்கும் ரெண்டு வயசு குறைச்சு எழுதி எங்களைக் காப்பாத்துனாங்கன்னு, பெருமையாத்தான் சொல்லுவா. என்னைய மாட்டிவிட அந்தப் பெருமையே போதும். கூட்டத்துல எவனாவது செல்போன்ல பிடிச்சுப் போடுவான். டீச்சர் மகளும் அதே தேதிதானன்னு ஒருத்தன் கேப்பான். அஞ்சு மாசம் இருக்கு தங்கச்சி, அஞ்சே அஞ்சு மாசம். முப்பத்தாறு வருஷம் அடுத்தவன் தேதியைத் திருப்பிக் கொடுத்தவளை, இவ தேதியே பொய்னு ஆபீஸ்ல நிக்க வச்சா நான் உசிரோட இருப்பனா?

அதான் கூட்டத்துக்கு முன்னாலயே, மத்தியானம் பேச்சி வீட்டுக்குப் போனேன். அவ பேச வேண்டியதை ஒரு தாள்ல எழுதி, தப்பில்லாம இருக்கான்னு வாய்விட்டு வாசிச்சுக்கிட்டு இருந்தா. கட்டில்ல சிவனாண்டி. எண்பத்தெட்டு வயசு, காது சுத்தமாக் கேக்காது. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். “பேச்சி, வேண்டாம். அஞ்சு மாசம் பொறு. எனக்காக”ன்னேன்.

அவ தாளைக் கீழ இறக்கிட்டுக் கேட்டா. “ஏட்டி மணி, அந்த மாப்பிள்ளைப் பய பிறகு யாரைக் கட்டுனான்னு உனக்கு ஞாபகம் இருக்கா? அந்தப் பிள்ளை ரெண்டு வருஷத்துல கிணத்துல மிதந்தா. நான் கிடக்க வேண்டிய கிணறுட்டி அது. அதைச் சொல்லாம, டீச்சரைப் பத்தி வேற என்னத்தைச் சொல்லட்டும் நான்?”

நான் அழுதுட்டேன். வேற என்ன செய்ய? அவ தாளை மடிச்சு என் கையில வச்சா. “நீயே வச்சுக்கோ”ன்னா.

பெரியவர், “என்ன? என்ன?”ங்குறார். பேச்சி அவர் காதுகிட்டக் குனிஞ்சு கத்துனா: “டீச்சர் மகளுக்குப் பயமா இருக்காம்!” அவர் என்னைய நிமிந்து பாத்தார். கட்டிலுக்கு அடியில கையை விட்டுக் கம்பைத் தேடுறார். “யாரும் வந்தானுங்களா தாயி? நான் வந்து வாசல்ல உக்காரட்டா?”ன்னார்.

மறுபடியும் உக்காருறேங்குறாரேன்னு! நான் பின்னாலயே போயிக் கதவுல இடிச்சுக்கிட்டேன். பேச்சிதான் சொன்னா. மாப்பிள்ளை வீட்டானுங்க டீச்சர் கையை வெட்டுவோம்னு சொல்லியிருந்தானுங்களாம், எழுதுன கையை. அதுக்காகத்தான் ஒன்றரை மாசம் காவல் இருந்தாராம். அவளை அனுப்ப மாட்டேன்னு மாப்பிள்ளை வீட்டுல போயி அவரே சொல்லிட்டு வந்தாராம். அம்மாவுக்கு எல்லாம் தெரியுமாம். அப்படித்தான் சொல்லுறா. இருக்கலாம். ஆனா அதை யாராவது வாயைத் திறந்து சொல்லணும்ல? ஒரு மனுசன் அரிவாளை மடியில வச்சுக்கிட்டுப் பேசாம உக்காந்திருந்தா நான் என்னன்னு நெனைக்குறது?

கூட்டம் நடந்துச்சு. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அம்மாவோட கையெழுத்து அழகைப் பத்தி அரை மணி நேரம் பேசினார். பேச்சியைக் கூப்பிட்டாங்க. ஏறினா. “டீச்சர் எங்களுக்கு எண்ணெய் வச்சுத் தலை பின்னிவிடுவாங்க. நல்லாப் பாட்டுச் சொல்லித் தருவாங்க”ன்னா. நின்னா. இறங்கிட்டா. யாரும் கை தட்டல. அப்ப சிவனாண்டி, முன்வரிசையில, காது கேக்காதவர் இல்லையா, ஊரே கேக்குற மாதிரி, “ஏ பேச்சி, சொல்லிட்டியா?”ன்னார். அவ இல்லைன்னு தலையை ஆட்டுனா.

நான் மேடையில இருந்து பாத்தேன் தங்கச்சி. முன்னால அம்புட்டும் பொம்பளைங்க. என் வயசு, என்னைய விட மூத்தவங்க, இளையவங்க. பேரப்பிள்ளையை மடியில வச்சிருக்கவங்க, டவுன்ல இருந்து பட்டுச்சேலை கட்டி வந்தவங்க, யூனிபாரத்தோட வந்த ஒரு நர்ஸ். எல்லாம் ஜூன் ஒண்ணாம் தேதி பிறந்தவங்க. அம்புட்டுப் பேரும் என்னையப் பாத்தாங்க. அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிருக்கு! இத்தனை வருஷத்துல ஒருத்தி வாய் திறந்ததில்ல. இவங்களைப் பாத்துத்தான் நான் கதவைச் சாத்தியிருக்கேன். பேச்சி சொல்லல, சரி, மகளாவது சொல்லுவாளான்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. நான் எளிமையானவங்கன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.

அப்ப நின்னிருக்கணும்ல நடுக்கம்? இப்பத்தான் கூடியிருக்கு. ரிட்டயர் ஆனப்புறம் போயி, எல்லாத்தையும் மைக்குல சொல்லிரலாம்னு பேச்சிகிட்டச் சொன்னேன். சரின்னா. ஆனா பெரியவருக்கு எண்பத்தெட்டு. அஞ்சு மாசம் இருப்பாரா? இல்லாமப் போயிட்டா, “சொல்லிட்டியா?”ன்னு அவர் கேட்ட கேள்விக்கு நான் யார்கிட்டப் போயிப் பதில் சொல்லுவேன்?

பைபாஸ் வந்துருச்சு. நான் இறங்கணும். நான் சொன்னதை யார்கிட்டயும் சொல்லிராதீங்க தங்கச்சி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

இல்ல. இருங்க. கண்டக்டர், ஒரு நிமிஷம், இறங்கிருறேன்!

சொல்லுங்க. கடையில, வீட்டுல, உங்க பிள்ளைங்ககிட்ட, யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. என் பேரை மாத்திக்கோங்க. ஊரையும் மாத்திக்கோங்க. அம்மா பேரை மட்டும் மாத்திராதீங்க. அன்னக்கனி டீச்சர்னே சொல்லுங்க.